சிவப்பு வட்டத்துக்குள் என் அண்ணன்

1

இந்த நாட்டில் ஒருத்தி ஒரே கம்பெனியில் பத்து வருடம் தாக்குப்பிடித்தால் கேக் வாங்க வேண்டியது கம்பெனி இல்லை, அவள்தான். பிறந்தநாளென்றாலும் அப்படியே. நெதர்லாந்துக்கு வந்த முதல் வருடம் இது தெரியாமல், யாராவது எனக்குக் கேக் வெட்டுவார்கள் என்று புதுச் சேலை கட்டிக்கொண்டு போய்ச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் பக்கத்து மேசைக்காரி, "நேற்று உன் பிறந்தநாளாமே, கேக் எங்கே?" என்று என்னிடமே கேட்டாள். கஞ்சத்தனத்தை வழக்கமாக்கிவிட்டால் அதற்குப் பெயர் பண்பாடு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

போன திங்கட்கிழமை எனக்குப் பத்தாவது வருடம். உத்ரெக்ட் நகரத்தில் எங்கள் ஆபீஸ். இரண்டு ஆப்பிள் கேக் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். எங்கள் குழுத் தலைவர் யோஸ் கை குலுக்கி, "பத்து வருடத்தில் நீ ஒரு தகவலைக்கூடத் தவறாகச் சரிபார்த்ததில்லை" என்றார். கைதட்டினார்கள். நான் சிரித்தபடி கேக்கை அறுத்துக்கொண்டிருந்தேன். என் மேசைக் கணினியில் இராஜபாளையத்து மில்லிலிருந்து வந்த இந்த வருடத்துப் படிவம் திறந்தபடி இருந்தது. அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் படித்துவிட்டுத் திட்டுங்கள், தாங்கிக்கொள்வேன். அண்ணன் கையில் மட்டும் கொடுக்காதீர்கள்.

2

"கிரேசு அங்க என்னத்தப் பாக்கா?" என்று ஊரில் யார் கேட்டாலும் "கம்ப்யூட்டர்ல" என்றுதான் எங்கள் வீட்டில் பதில் சொல்வார்கள். உண்மையில் நான் பார்ப்பது சம்பளக் கணக்கெடுப்பு. ஒரே தொழில் செய்யும் பல கம்பெனிகளிடம், எந்த வேலைக்கு எவ்வளவு சம்பளம், அதுபோக என்னென்ன சலுகை என்று கேட்டு வாங்குவோம். எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தி நடுவில் இருப்பது எது என்று பார்ப்போம். அதுதான் சந்தை விலை. பிறகு ஒவ்வொரு கம்பெனிக்கும், நீ சந்தைக்கு மேலே கொடுக்கிறாயா கீழே கொடுக்கிறாயா என்று ஓர் அறிக்கை போகும். குறைவாகக் கொடுக்கும் இடத்துக்குப் பச்சை அம்புக்குறி, கொஞ்சம் ஏற்று என்று அர்த்தம். ரொம்ப அதிகமாகக் கொடுக்கும் இடத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். சிவப்பு வட்டம் போட்ட வேலைக்கு, மற்ற கம்பெனிகள் எட்டிப்பிடிக்கும் வரை சம்பளத்தை உயர்த்தாதே என்று பொருள்.

அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் எங்களுக்கு வேண்டாம். படிவத்தில் பெயருக்குக் கட்டமே கிடையாது. யாரையும் கண்ணால் பார்க்காமல் வயிற்றில் அடிப்பதற்கு இதைவிடச் சுத்தமான ஏற்பாடு உலகத்தில் இல்லை. மாதம் பிறந்தால் எனக்குச் சம்பளம் வந்துவிடுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்குள்ள ஒரு பேண்டேஜ் கம்பெனி எங்களிடம் வந்தது. ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்குச் சுற்றும் துணியை இராஜபாளையம் பக்கத்து மில்களில்தான் வாங்குகிறார்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நியாயமான கூலி கிடைக்கிறதா என்று அவர்களுக்குத் திடீரென்று கவலை வந்துவிட்டது. கவலைப்பட்டதாகக் காகிதத்தில் காட்டாவிட்டால் இங்கே துணியை விற்க முடியாதாம். பட்டியலைப் பார்த்தேன். மூன்றாவதாக இருந்தது என் அண்ணன் வேலை பார்க்கும் மில்.

"இது எங்கள் ஊர்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். யோஸ் சந்தோஷப்பட்டு வேலையை என்னிடமே கொடுத்தார். கூடவே ஓர் உறுதிமொழித் தாள் வந்தது: பட்டியலில் உள்ள கம்பெனிகளில் உங்கள் நெருங்கிய குடும்பத்தார் யாராவது இருக்கிறார்களா? கீழே விளக்கம், நெருங்கிய குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர். அண்ணன் அந்த விளக்கத்துக்குள் வரவில்லை. இல்லை என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்கு அதில் ஒரு உறுத்தலும் இல்லை.

அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, ஒங்க மில்லுக்கு எங்க ஆபீஸ்ல இருந்து ஒரு பாரம் வரும். வந்தா பயப்படாதீங்க. அத நாந்தான் பாக்கப் போறேன்."

"நீயா பாப்பா? எங்க எல்லார் சம்பளமும் ஒனக்குத் தெரியுமா?"

"ஒவ்வொரு பைசாவும் தெரியும்" என்றேன், பெருமை பொங்க. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கத்தியது, கெட்டது வேறு ஆள்.

3

என் அண்ணன் பெயர் தேவசகாயம். மில்லில் டைம் ஆபீஸ். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் லீவு, யாருக்கு ஓவர்டைம் என்று எழுதும் வேலை. அவரோடு அதே வேலைக்கு இன்னும் மூன்று பேர். இங்கே குடியுரிமைக்கான மொழித் தேர்வில் என் அண்ணன் என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். டைம் ஆபீஸை அப்படியே டச்சில் பெயர்த்துச் சொன்னேன். தேர்வாளர் அம்மா முகம் மலர்ந்து, "கடிகாரம் பழுது பார்ப்பவரா? அருமையான கைத்தொழில்" என்றார். திருத்தப் போனால் வாக்கியம் நீளும், நீண்டால் பிழை வரும், பிழை வந்தால் மதிப்பெண் போகும். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தேர்வில் நான் பாஸ்.

எங்கள் குடும்பத்தில் அண்ணன் என்றால் தங்கைக்குச் செய்கிறவர். கல்யாணத்துக்குச் செய்ய வேண்டும், தலைப்பிள்ளைக்குச் செய்ய வேண்டும், வருடா வருடம் ஏதாவது அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தங்கையிடமிருந்து வாங்கிவிட்டால் அவர் ஆம்பளையே இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இங்கே வீடு வாங்கிய கையோடு, மாதம் கொஞ்சம் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "எனக்கென்ன கொறச்சல்? இப்பத்தான் சம்பளம் ஏத்தியிருக்காவ" என்று ஒரு தொகை சொன்னார். நம்பினேன். நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தடுத்த வருடங்களில் கேட்கும்போதெல்லாம் அந்தத் தொகை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கடைசியில் இருபத்தெட்டாயிரத்தில் வந்து நின்றது.

தீபாவளிக்கு ஊர் போய்த் திரும்புகிறவர்கள் யாராவது கிடைத்தால் அவர்கள் கையில் எனக்கு அரைக் கிலோ ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கொடுத்து அனுப்புவார். அதுதான் அண்ணன் சீர். முதல் வருடம் வந்து சேர்ந்தது. டப்பாவின் மேல் ஏதோ ஸ்டிக்கரை உரித்தெடுத்த பசைத் தடம் நீள்சதுரமாக இருந்தது, விலையைக் கிழித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு ஒரு வருடம்கூட வந்து சேரவில்லை. பாலில் செய்தது எதையும் இந்த நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து, கையுறை போட்ட ஒருவர் டப்பாவை எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார். எடுத்துவந்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பார்.

"பால்கோவா வந்துச்சா பாப்பா? ருசியா இருந்துச்சா?"

"ரொம்ப ருசி அண்ணே. நேயா ஒருத்தியே பாதி டப்பாவைக் காலி பண்ணிட்டா."

நேயா என் மகள். பால்கோவாவைக் காட்டினால் அதில் எத்தனை கிராம் சர்க்கரை என்று கேட்பாள்.

4

மில்லிலிருந்து படிவம் வந்தது. ஆங்கிலத்தில் ஒழுங்காக டைப் அடிக்கத் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான் என்பதால் மேனேஜர் அதை அவரிடமே தள்ளிவிட்டிருக்கிறார். அண்ணன் நிரப்பியதும், மேனேஜர் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அங்கே எப்போதும் நடப்பதுதான்.

நான் முதலில் பார்த்தது டைம் ஆபீஸ் எழுத்தர் வரிசையை. ஆட்கள் நான்கு பேர். மாதச் சம்பளம் இருபத்தெட்டாயிரம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அண்ணன் சொன்னது பைசா பிசகாமல் அப்படியே இருந்தது.

மற்ற மில்களோடு ஒப்பிட்டால் ரொம்ப அதிகம். அப்படி ஒரு தொகை தனியாகத் துருத்திக்கொண்டிருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பதுதான் எங்கள் விதி. கேள்வி கேட்டு எழுத வேண்டும், அல்லது அந்த வரிசையையே நீக்கிவிட வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. எனக்குத்தான் தெரியுமே. சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். எப்படிச் சரிபார்க்கப்பட்டது என்ற கட்டத்தில், "நேரில் அறிந்தது" என்று எழுதினேன்.

சலுகைகள் பக்கத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது: தீபாவளிக்கு ஆபீஸ் ஊழியர்களுக்கு மில் பெயர் ஒட்டிய பால்கோவா டப்பா, அரைக் கிலோ. அந்தப் பசைத் தடம் ஞாபகம் வந்தது. முதலாளி கொடுத்த இனாமைத்தான் பெயரை உரித்து எனக்குச் சீராக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். சிரித்தேன். இருபத்தெட்டாயிரம் வாங்கும் மனிதருக்கு ஒரு டப்பா வாங்க மனசு வரவில்லையே, கஞ்சப் பயல் என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்புக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

அறிக்கை எழுதினேன். எங்களிடம் அச்சு மாதிரி வாசகங்கள் தயாராக இருக்கும், பொறுக்கி ஒட்டினால் போதும். டைம் ஆபீஸைச் சுற்றிச் சிவப்பு வட்டம். சந்தை எட்டிப்பிடிக்கும் வரை உயர்வு வேண்டாம். ஊழியர்கள் பெரிதாக மதிக்காத பொருள் சலுகைகளை நிறுத்தலாம். எதை நினைத்து அதை ஒட்டினேன் என்று இப்போது ஞாபகமில்லை. பால்கோவாவை நினைத்துத்தான் ஒட்டியிருக்க வேண்டும்.

5

ஆறு மாதம் கழித்து மதினி போன் செய்தார். அண்ணன் மனைவி, அவர் மகள் ஜெனியின் அம்மா, எஸ்தர் மதினி. அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சர்ச் வளாகத்துக்குள்ளிருந்து பேசினார். பெண்கள் கூட்டத்துக்கு வந்த இடத்தில் யாருடைய போனையோ வாங்கியிருந்தார்.

"கிரேசு, அவியளுக்குத் தெரியாமப் பேசுதேன். ஜெனிக்கு ரெண்டாம் வருசப் பீசு கெட்டணும். இன்க்ரிமென்ட நம்பித்தான் கிருஷ்ணன்கோவில் காலேஜ்ல சேத்தோம். இப்ப டைம் ஆபீசுக்கு மட்டும் ஏத்த மாட்டேன்னுட்டானுவ."

"மதினி, இருபத்தெட்டாயிரத்துல ஒரு பீஸ் கட்ட முடியாதா?"

"யாரு சொன்னா இருவத்தெட்டுன்னு?"

"அண்ணந்தான்."

"ஏம்மா, கைக்கு வாரது பதினாறாயிரத்து எழுநூறு. ஒங்கிட்டச் சொல்லுத பொய்யி எட்டு வருசமா ஓடுது. வருசா வருசம் அதுக்கும் இன்க்ரிமென்ட் போட்டுக்கிட்டு வாராவ."

பிறகு மிச்சத்தையும் சொன்னார். படிவம் என் கண்ணுக்கு வரும் என்று நான் சொன்ன நாளிலிருந்து அண்ணன் தூங்கவில்லை. உண்மையை எழுதினால் தங்கை முன்னால் எட்டு வருடப் பொய் அம்மணமாக நிற்கும். அதனால் இருபத்தெட்டு என்று அடித்துவிட்டார். அந்த வேலைக்கு ஒரே வரிசைதான் என்பதால் நான்கு பேருக்கும் அதுவே ஆகிவிட்டது. அறிக்கை வந்தபோது முதலாளி தொகைகளைப் பார்க்கவில்லை, நிறங்களை மட்டும் பார்த்தார். பச்சை அம்புகளை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சிவப்பு வட்டத்தை அன்றைக்கே அமல்படுத்தினார். வெளிநாட்டுக் கம்பெனியே எழுதிக் கொடுத்துவிட்டதே, யாரும் பேச முடியாது.

"பக்கத்து சீட்டுல முத்துலட்சுமின்னு ஒரு பிள்ள. புருசன் இல்ல, அம்மாவுக்கு வாரத்துக்கு ரெண்டு டயாலிசிஸ். எந்தப் பாவி இத எழுதுனானோ அவன் கை அழுகிப் போகணும்னு தெனமும் சொல்லிச் சொல்லி அழுதாளாம். அவிய அவளுக்குத் தண்ணி மோந்து குடுத்துட்டு வாராவ."

"மதினி, பீஸை நான் கட்டுறேன். இப்பவே அனுப்புறேன்."

"கேட்டுப் பாத்தேன். தங்கச்சிட்ட கை நீட்டுனா நான் உசிரோட இருக்க மாட்டேன்னாவ. சும்மா சொல்லல கிரேசு, அவிய செஞ்சாலும் செய்வாவ. நீயா ஏதாச்சும் ஆபீஸ்ல சொல்லி அந்த வட்டத்த அழிக்க முடியுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"பாக்குறேன் மதினி" என்றேன்.

6

அழிக்க முடியும். அதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணன் பெயர் வெளியே வர வேண்டிய அவசியமே இல்லை. அந்த வரிசையில் போய், "சந்தேகத்துக்குரியது, நீக்கப்பட்டது" என்று மாற்றித் திருத்திய அறிக்கை அனுப்பினால் வட்டம் போய்விடும். பத்து நிமிட வேலை. ஆனால் அதற்கு மேலே என் பெயரும் "நேரில் அறிந்தது" என்ற வாசகமும் இருக்கின்றன. நேரில் அறிந்தது எப்படிச் சந்தேகமானது என்று யோஸ் கேட்பார். அவரிடம் நான் அசடு வழிய வேண்டும், அவ்வளவுதான் நஷ்டம். வேலைகூடப் போகாது.

இரண்டு நாள் அந்த வரிசையைத் திறந்து திறந்து மூடினேன். அண்ணனைக் காப்பாற்றத்தான் தயங்குகிறேன், மில்லில் விசாரணை வைத்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். பிழையே விடாதவள் என்ற பெயரை விட எனக்கு மனசு வரவில்லை. அண்ணனுக்கு வந்த அதே வியாதி எனக்கும். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே. மூன்றாம் நாள் வேறு வேலை வந்தது. மூடிவைத்துவிட்டேன்.

அந்த வாரம் சாப்பாட்டு மேசையில் மாமா சம்பளம் இவ்வளவுதானாம் என்று வீட்டில் சொன்னேன். நேயாவுக்குப் பதினாறு வயது, சூப்பர் மார்க்கெட்டில் சனிக்கிழமைகளில் சாமான் அடுக்குகிறாள். போனை எடுத்துக் கணக்குப் போட்டாள். நாலைந்து சனிக்கிழமைகளில் அவள் சம்பாதிப்பது மாமாவின் ஒரு மாதம்.

"அப்புறம் ஏன் மாமா அங்கேயே இருக்கிறார்? முட்டாளா?" என்று டச்சில் கேட்டாள். அவளிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, தெரியாமல்தான் கேட்டாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் குழம்பு ஊற்றினேன்.

போன தீபாவளிக்கு மில்லில் பால்கோவா கொடுக்கவில்லை. என் வாசகம் வேலை செய்துவிட்டது. ஆனாலும் டப்பா புறப்பட்டது. அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போய், கடையில் காசு கொடுத்து, அரைக் கிலோவுக்கு ஒரு கிலோவாக வாங்கி அனுப்பியிருந்தார். கொண்டுவந்தவர் விமான நிலையத்திலிருந்தே கூப்பிட்டு, எடுத்துவிட்டார்கள் அக்கா என்றார்.

"இந்தத் தடவ டபுளா அனுப்பிச்சேன் பாப்பா. ருசியா இருந்துச்சா?"

"ரொம்ப ருசி அண்ணே."

7

இந்த வருடத்துப் படிவம், நான் கேக் வாங்கிய திங்கட்கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை வந்தது. டைம் ஆபீஸ் எழுத்தர், நான்கு பேர், மாதச் சம்பளம் முப்பதாயிரத்து ஐந்நூறு.

சம்பளம் ஏறவே இல்லை. ஏறவில்லை என்று தங்கைக்குத் தெரியக் கூடாதே, அதனால் வழக்கம்போலப் பொய்க்கு இன்க்ரிமென்ட் போட்டிருக்கிறார். இதை ஏற்றுக்கொண்டால் சந்தை இன்னும் தூரமாகப் போகும். வட்டம் இன்னும் இரண்டு மூன்று வருடத்துக்கு அழியாது. டைம் ஆபீஸில் இருபது வருடம் கணக்கு எழுதிய மனிதருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தே எழுதியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். இங்கே காலை, அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். கேட்டுவிடுவது என்றுதான் கூப்பிட்டேன்.

"அண்ணே, இந்த வருசம் இன்க்ரிமென்ட் போட்டாங்களா?"

"போடாம? ஒங்க ஆபீஸ் ரிப்போர்ட்ட மொதலாளி கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்காவ. எங்க தங்கச்சி எழுதுனதுன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்."

"ஜெனி எப்படிப் படிக்கா?"

"அவளுக்கென்ன, நல்லாப் படிக்கா. மூணாம் வருசம் வந்துட்டாள்ல."

அந்த நேரம் வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. பின்னாலிருந்து ஜெனியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"யப்பா, மில்லு வண்டி வந்துட்டு. சாயங்கால ஷிப்டு, நான் வாரேன். தலைக்குத் துணி எங்க வச்ச?"

அண்ணன் போனைக் கையால் பொத்தினார். பிறகு எடுத்து, "காலேஜ் பஸ்சு பாப்பா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எந்தக் காலேஜுக்கும் பஸ் ஓடாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தால் அந்த மனிதர் உடைந்திருப்பார். ஒருவேளை அது அவருக்கு நல்லதாகக்கூட முடிந்திருக்கும்.

"சரிண்ணே. பஸ்சு தவறிறப் போகுது, பிள்ளையப் பாத்து ஏறச் சொல்லுங்க" என்றேன்.

"சொல்லுதேன் பாப்பா. ஒடம்பப் பாத்துக்கோ. மாப்பிள்ளையக் கேட்டேன்னு சொல்லு."

திங்கட்கிழமை கைதட்டல் முடிந்தது. ஆளுக்கொரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள். நானும் என் தட்டோடு மேசைக்கு வந்தேன். படிவத்தை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தேன். பேக்கிங் பிரிவு, பயிற்சி ஊழியர்கள் வரிசையில் போன தடவையைவிட ஓர் ஆள் கூடியிருந்தது. அந்த வரிசைக்குப் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. சம்பளம் சந்தையோடு சரியாக இருந்தது.

டைம் ஆபீஸ் வரிசைக்கு வந்தேன். சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். எப்படிச் சரிபார்க்கப்பட்டது என்ற கட்டத்தில், போன தடவை எழுதியதையே எழுதினேன்.

நேரில் அறிந்தது.